ஏர் ரைஃபிள் மேட்சுக்கு ஒரே பெட்டியா, இரண்டு பையா? தூக்கிப்போகிறவர்களின் கணக்கு

ரைஃபிள் வாங்குவதற்கு முன் நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு கிளப்பில் கையில் எடுத்துப் பார்த்து, பின்கட்டை உயரம் சரியா, எடை முன்னால் இழுக்கிறதா என்று மாதக்கணக்கில் யோசிக்கிற குடும்பம்கூட, அதை வைக்கும் பெட்டியைக் கடைசி நாளில்தான் வாங்குகிறது. மாவட்டப் போட்டி வரைக்கும் இது ஒரு குறையாகவே தெரியாது. வீட்டிலிருந்து கார், காரிலிருந்து ரேஞ்ச், அவ்வளவுதான். மாநிலப் போட்டியில் தேறி, அடுத்த கட்டமாக போபாலுக்கோ, டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கும் கர்னி சிங் ரேஞ்சுக்கோ, திருவனந்தபுரம் வட்டியூர்க்காவுக்கோ போக வேண்டும் என்று வரும்போதுதான், இத்தனையையும் யார், எதில் தூக்குவது என்ற கேள்வி எழுகிறது.

கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டியில் போட்டுச் சக்கரம் மாட்டிக்கொள் என்பார் ஒருவர். ரைஃபிளுக்கு ஒரு பெட்டி, துணிமணிக்கு ஒரு டிராலி பை என்பார் இன்னொருவர். பெட்டியோடு ஒரு முதுகுப் பை போதும் என்பார் மூன்றாமவர். இந்த மூன்றையும்தான் இங்கே எடைபோடப் போகிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளை மனதில் வைத்தே எழுதுகிறேன். பிஸ்டல் ஆட்களுக்குக் கடைசியில் கொஞ்சம் உண்டு. அவர்களுடைய பாடு எப்போதுமே சுலபம்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாம். விலை, எடை, சக்கரம், பூட்டு என்று பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒன்று உண்டு: எந்தப் பொருள் எந்த இடத்தில் வெளியே வரும்? ஒரு மேட்ச் பயணத்தில் சாமான்கள் நாலைந்து இடங்களில் திறக்கப்படும். விமான நிலையக் கவுன்டரில் ரைஃபிள் மட்டும் வெளியே வர வேண்டும். ஈசி என்று எல்லோரும் சொல்லும் உபகரணச் சோதனையில் ரைஃபிளும் ஜாக்கெட், பேண்ட், ஷூ, கிளவும் வர வேண்டும். ரேஞ்சுக்குப் போன முதல் நாள், ரைஃபிளில் மாட்டும் காற்றுச் சிலிண்டரை நிரப்பும் இடத்தில் சிலிண்டரும் அதை இணைக்கும் அடாப்டரும். சுடும் லேனில் ஒரு கைப்பிடி அளவு சாமான். ராத்திரி ஹோட்டல் அறையில் ஈரமான ஜாக்கெட். ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேண்டியது மட்டும் வெளியே வந்தால் அது நல்ல பை. ஒன்றை எடுக்க எட்டைக் கலைக்க வேண்டியிருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தொல்லைதான்.

எடைக் கணக்கையும் கையோடு பார்த்துவிடலாம். விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. வழக்கமாக நாலு, நாலரை கிலோ இருக்கும், எடைக்கட்டிகள் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். நல்ல ஹார்ட் கேஸ் வெறும் பெட்டியே நாலிலிருந்து ஆறு கிலோ வரும். ஜாக்கெட், பேண்ட், ஷூ மூன்றும் சேர்ந்து இன்னொரு ஐந்து, ஐந்தரை. பெல்லட் என்கிற ஈயக் குண்டு டப்பா ஒன்றில் 500 இருக்கும், ஒவ்வொன்றும் அரை கிராம் சொச்சம். டப்பாவோடு சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாட்டுகளுக்கு நடுவில் ரைஃபிளை இறக்கி வைக்கும் ஸ்டாண்ட், கருவிகள், சாதாரண உடுப்பு எல்லாம் தனி. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. கூட்டிப் பாருங்கள், இடிக்கும்.

ஒரே பெட்டி

இரட்டை ரைஃபிள் அளவுக்கான அகலப் பெட்டியை வாங்கி, ஒரு பக்கம் ரைஃபிளும் மறுபக்கம் ஜாக்கெட்டும் பேண்டும் வைத்துக்கொள்வது முதல் வழி. இதில் இருக்கும் சௌகரியத்தை மறுக்க முடியாது. கையில் ஒரே சாமான். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் ரயிலில் விட்டுவிட்டு இறங்கும் பயமில்லை. சக்கரம் இருப்பதால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட இழுத்துப் போகலாம். சொந்தக் காரில் போய்ச் சொந்தக் காரில் திரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

விமானத்தில்தான் இது சறுக்குகிறது. ஒரே பெட்டியில் எல்லாம் போனால் 16, 17 கிலோ சர்வசாதாரணமாக வந்துவிடும். கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது சோதனை. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு வரி விமான நிலையத்தில் யாரையும் சமாதானப்படுத்திவிடாது. கவுன்டரில் சொல்ல வேண்டும், பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், சீரியல் நம்பரை ரைஃபிள் சங்கக் கடிதத்தோடும் பில்லோடும் ஒத்துப் பார்ப்பார்கள். அப்போது ஜாக்கெட்டும், அதற்குள் சுருட்டிய பனியனும், பிள்ளைக்காக அம்மா ஓரத்தில் செருகிவிட்ட முறுக்குப் பொட்டலமும் கவுன்டர் மேல் வரிசையாக வந்து உட்காரும். பின்னால் நிற்கும் வரிசை பெருமூச்சு விடும். அவசரத்தில் திரும்ப அடுக்கும்போதுதான், குறிபார்க்கும் கருவியான பின்பார்வையின் குமிழ் எதன் மேலாவது இடித்துக்கொள்கிறது.

ரயிலிலும் இந்த அகலப் பெட்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பயணிகள் பெட்டிக்குள் கொண்டுவரும் டிரங்குப் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம் என்று ரயில்வே அளவு வைத்திருக்கிறது. ரைஃபிள் பெட்டி எதுவானாலும் நீளத்தில் அதைத் தாண்டத்தான் செய்யும். ஒல்லியான பெட்டியை லோயர் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில் தள்ளிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அகலப் பெட்டி நடைபாதைக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி போய்ச் சேர ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை நேரமும் அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் அதில் கால் இடித்துக்கொள்வார்கள், ஒவ்வொருவரும் ‘இது என்ன, கிடாரா?’ என்று கேட்பார்கள். கேட்பவர் போலீஸாக இருந்தால் சங்கக் கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்காரர்கள் அதையும் பெட்டிக்குள்தான் வைத்திருப்பார்கள்.

இன்னொரு குறை, ஈரம். பத்து மீட்டர் மேட்ச் என்றால் 60 ஷாட், 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் பழகிக்கொள்ளவும் 15 நிமிடம். ஒன்றரை மணி நேரம் அந்தக் கித்தான் சட்டைக்குள் நின்று வெளியே வரும் ஜாக்கெட்டைப் பிழியலாம் போலிருக்கும். அதை ரைஃபிள் இருக்கும் பெட்டியிலேயே போட்டு மூடினால் வியர்வையின் உப்பும் ஈரமும் ஃபோம் முழுக்கப் பரவும். ஃபோம் சீக்கிரம் காயாது. சென்னைக் காற்றில் அது காய்வதற்குள் பேரலின் வெளிப்பக்கத்தில் துருப்புள்ளி எட்டிப் பார்க்கும்.

பெட்டியும் டிராலி பையும்

இரண்டாவது வழியில் ரைஃபிளுக்கு ஒல்லியான ஹார்ட் கேஸ், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய டிராலி பை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிராலி போதும் என்பதால் செலவு குறைவு. ஸ்டாண்டை மடக்கிப் படுக்க வைக்க இடமிருக்கும். மூன்று நாள் தங்கலுக்கு வேண்டிய உடுப்பும் அதிலேயே அடங்கிவிடும். விமான நிலையத்தில் ரைஃபிள் பெட்டியை மட்டும் திறந்து மூடினால் போதும், துணி கலையாது.

ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் ஆடுகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றுகூடச் சொல்லலாம். முழங்கால் நிலைக்கான உருளைத் தலையணை, படுத்துச் சுடும்போது போடும் ஸ்லிங், கூடுதல் எடைகள் என்று அவர்களுடைய சாமான் ஒரு சிறு குடித்தனம். அவர்களுக்கு டிராலிதான். லைசென்ஸும் தோட்டாவும் சேரும்போது அவர்களுடைய பயண விதிகளே வேறு என்பதால் அதற்குள் இங்கே போகவில்லை.

ஏர் ரைஃபிள் மட்டும் சுடுகிற பிள்ளைக்கு டிராலியின் பெரிய கோளாறு என்னவென்றால், அதுவும் செக்-இன்னில்தான் போகும். இரண்டு பெட்டியும் விமானத்தின் வயிற்றுக்குள். ஒன்று வந்து சேராவிட்டால்? இரண்டாவது பெட்டிக்குத் தனிக்கட்டணம் கேட்கும் விமானங்களும் உண்டு. அதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். இங்கே பெரும்பாலானவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ரைஃபிள்தான் உயிர், துணி எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். நிலைமை அப்படியில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ் ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வாங்கினார்; அது சக வீராங்கனையிடம் இரவல் வாங்கிய ரைஃபிள். அவருடைய சொந்த ரைஃபிளை அந்த ஆண்டு யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தார்கள். ஒலிம்பிக் தங்கம் இரவல் ரைஃபிளில் சாத்தியம். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டை இரவல் வாங்கி யாரும் நின்று சுட முடியாது. தோள் இறக்கம் ஒரு விரற்கடை மாறினாலே இடது முழங்கை இடுப்பில் உட்காரும் இடம் மாறிவிடும். கூடவே, சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதிப்படி ஈசிக்கு ஒருவர் ஒரு ஜாக்கெட், ஒரு பேண்ட், ஒரு ஜோடி ஷூதான் கொண்டுபோகலாம். மாற்றுச் செட் என்பதற்கே இடமில்லை. கையோடு வர வேண்டியது துணிதான்.

பெட்டியும் முதுகுப் பையும்

இதனால்தான் மூன்றாவது வழியின் பக்கம் நான் சாய்கிறேன். ரைஃபிளும், பார்வைக் கருவிகளும், பெல்லட்டும், கருவிகளும் ஹார்ட் கேஸில் செக்-இன் போகட்டும். ஜாக்கெட், பேண்ட், ஷூ, கிளவ் ஒரு முதுகுப் பையில் தோளோடு வரட்டும். ஏழு கிலோவுக்குள் தாராளமாக அடங்கும். கைப்பைக்கான அளவில், பொதுவாக 55க்கு 35க்கு 25 செ.மீ., கொஞ்சம் அமுக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும். உடுப்பு, சோப்பு, சார்ஜர் வகையறா ஒரு சின்ன செக்-இன் பையில் போகும். பெல்லட்டும், ரைஃபிளின் எந்தப் பாகமும் கைப்பையில் வரக் கூடாது. விலை உயர்ந்தது என்று பின்பார்வையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. ஸ்கேனரில் அது துப்பாக்கியின் பாகமாகத்தான் தெரியும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆலன் கீ செட்டுக்கும் அதே கதி.

இன்னொரு லாபம் குளிரில் தெரியும். தேசியப் போட்டிகள் பல வருடங்களில் நவம்பர், டிசம்பர் வாக்கில்தான் வருகின்றன. டெல்லிக் குளிரில் ஜாக்கெட் துணி விறைத்துக்கொள்ளும். ஈசியில் வைக்கும் விறைப்புச் சோதனையில் துணி எந்த இடத்திலும் குறைந்தது 3 மி.மீ. உள்வாங்க வேண்டும். ராத்திரி முழுக்கக் காரின் டிக்கியிலோ வராந்தாவிலோ கிடந்த ஜாக்கெட்டைக் காலையில் நேராக ஈசி மேஜைக்குக் கொண்டுபோவது வம்பை விலைக்கு வாங்குவது. மேட்ச் முடிந்த பிறகும் திடீர்ச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், அதில் தவறினால் ஸ்கோரே போய்விடும். துணி முதுகுப் பையில் ஆளோடு அறைக்குள், ஆளோடு பஸ்ஸுக்குள் வந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

முதுகுப் பையை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று நியாயமானது: ஜாக்கெட் மடிந்துவிடும். மடித்தால் உண்மையிலேயே கெடும். முதுகுப் பக்கத்தில் கித்தான் ஒரே கோட்டில் மறுபடி மறுபடி மடிந்தால் அந்த இடம் தளர்ந்துபோகும்; நிற்கும்போது இடுப்புக்கு மேலே கிடைக்க வேண்டிய பிடிமானம் அங்கே கிடைக்காது. ஆகவே மடிக்காமல் சுருட்ட வேண்டும். ஜாக்கெட்டின் முதுகு தரையில் படும்படி படுக்க வைத்து, பொத்தான் போடாமல், இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நேராக நீட்டி விடுங்கள். அதன் மேல் பேண்டை ஜிப் திறந்த நிலையில் நீளவாக்கில் விரியுங்கள். பேண்டின் மேல் ஒரு பருமனான டர்க்கித் துண்டு. அடி விளிம்பிலிருந்து கழுத்துப் பக்கமாக, இறுக்காமல், துண்டு நடுவில் உருளையாக நிற்கும்படி சுருட்டுங்கள். முழங்கை ரப்பரும் தோள்பட்டைத் தோலும் உருளையின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்ளே போனால் அவை துணியை அழுத்தித் தழும்பு போடும். கயிறு கட்ட வேண்டாம். பையின் இருபக்கப் பட்டையே போதும். ஷூ அடியில், கிளவ் ஷூவுக்குள். அந்தத் தட்டை அடிப்பாக ஷூவைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். விளிம்பு தேய்ந்த ஷூ நேராக நிற்காது.

ரேஞ்சுக்குப் போகும் கடைசி மைலிலும் இந்த ஏற்பாடு கைகொடுக்கும். ஆட்டோவில் ஏறிப் பாருங்கள். ஒல்லிப் பெட்டி குறுக்கே சாய்ந்து, முனை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் முட்டி நிற்கும். முதுகுப் பை மடியில் இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். டிராலியும் பெட்டியும் என்றால் ஒருவர் அடுத்த ஆட்டோவில் வர வேண்டும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஸ்டாண்டுக்கு இடமில்லை. ஹார்ட் கேஸ் ஃபோமில் ரைஃபிளின் பக்கத்தில் ஸ்டாண்டுக்கும் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ள வேண்டும், அல்லது ரேஞ்சில் கிடைக்கும் ஸ்டாண்டை நம்ப வேண்டும். இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டாண்டின் உயரம் மாறினால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரைஃபிளைத் தூக்கி இறக்கும் தாளம் மாறும். அப்புறம், வளரும் பிள்ளையின் முதுகு. ஏழு கிலோவைப் போட்டிக்கு முதல் நாள் மணிக்கணக்கில் சுமக்க விடாதீர்கள். கூட வரும் அப்பாவோ அண்ணனோ அதற்குத்தானே வருகிறார்கள்.

உள்ளே என்ன, எப்படி

வெளிப்பையை விட உள்ளடுக்குதான் மேட்ச் நாளில் ஆளைக் காப்பாற்றும். இங்கேயும் இரண்டு கட்சி. பத்துப் பன்னிரண்டு பாக்கெட் வைத்துத் தைத்த ‘ரேஞ்ச் பை’ ஒன்று. வெறும் பைக்குள் தனித்தனி ஜிப் பை போடுவது இன்னொன்று. பாக்கெட் பை கடையில் பார்க்க அழகாக இருக்கும். நாலு மேட்ச் கழிந்தால் எந்தப் பாக்கெட்டில் எது என்று அதன் சொந்தக்காரருக்கே மறந்துவிடும், ஒவ்வொரு ஜிப்பாக இழுத்துக்கொண்டிருப்பார். வெளிப்பையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்க வேண்டும். ஜிப் பைகள் எந்தப் பெட்டிக்கும் அப்படியே மாறிக்கொள்ளும். பாத்திரக் கடைத் தெருவில் கிடைக்கும் வலைத்துணி ஜிப் பையே போதும், உள்ளே இருப்பது வெளியே தெரிவதால் பேர் எழுதி ஒட்டவும் வேண்டாம்.

முதல் ஜிப் பை காற்றுக்கானது. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். விமானத்தில் சிலிண்டர் காலியாகத்தான் போக வேண்டும்; ரைஃபிளிலிருந்து கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, காலி என்று காட்ட வேண்டும். காற்று இறக்கும் கருவி, நிரப்பும் அடாப்டர், காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மாற்று ஒன்று, சிலிண்டர் மூடி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். போய்ச் சேரும் ரேஞ்சில் கம்ப்ரஸரோ பெரிய டேங்கோ இருக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பெனி சிலிண்டருக்கும் அடாப்டரின் மரை வேறு. உங்கள் அடாப்டர் வீட்டில் இருந்தால், அதே கம்பெனி ரைஃபிள் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடி அறை அறையாக அலைய வேண்டியதுதான். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் கிளம்பும் முன் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதை ஈசியில் ஏற்க மாட்டார்கள். ஊருக்குள் நடக்கும் போட்டிக்கு நிரப்பியே எடுத்துப்போகலாம், ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். 27 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரியில் 220 பாரைத் தாண்டும்.

இரண்டாவது, பார்வைக் கருவிகள். பின்பார்வையை ரைஃபிளில் மாட்டியபடியே அனுப்பாதீர்கள். கழற்றி, அதன் சொந்தச் சின்னப் பெட்டியிலோ பழைய காலுறைக்குள்ளோ வைத்து ஃபோமின் நடுப்பகுதியில் வையுங்கள். கழற்றும் முன் அது ரைஃபிளின் மேல் ஓடும் தண்டவாளத்தில் நின்ற இடத்தைப் பெயின்ட் மார்க்கரால் சின்னக் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது கண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறாது. கன்னக்கட்டை, பின்தட்டு இரண்டுக்கும் இதே கோடு வேண்டும். சில மாடல்களில் பின்கட்டையையே கழற்றிப் பெட்டியைக் குட்டையாக்கலாம். கோடு போடாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

மூன்றாவது ஜிப் பைதான் லேனுக்குப் போவது. பெரும்பாலான ரேஞ்சுகளில் பெட்டியையும் பையையும் பின்னால் ஒதுக்கிய இடத்தில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் கையில் எடுத்துப் போக வேண்டும். மொபைலும் ஸ்மார்ட் வாட்சும் பின்னாலேயே நிற்கும். கையில் போவது இவ்வளவுதான்: அன்றைய மேட்சுக்கு எண்ணி வைத்த பெல்லட், ஒரு ஆலன் கீ, காது அடைப்பான், மறைக்கும் கண்ணுக்கான பிளைண்டர், முகம் துடைக்கச் சின்னத் துண்டு, முதுகில் குத்தும் பிப் நம்பருக்கு நாலு சேஃப்டி பின். ரைஃபிளில் பெல்லட் இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் ரைஃபிளிலேயே இருக்கும். ஏர் கன்னுக்கு அது பேரலின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்பதால், புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் கம்பியை வாங்கி நீளமாக வெட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒன்றுக்கு இரண்டாக வெட்டி ஒன்றை இந்தப் பையில் சுருட்டி வையுங்கள். அறையில் படுக்கைக்கு அடியில் உருண்டு காணாமல் போகும் பொருள் அது.

பெல்லட்டை டப்பாவோடு லேனுக்குக் கொண்டுபோவதில் எனக்குச் சம்மதமில்லை. டப்பா கை தவறினால் 500 ஈயப் பொட்டும் தரை முழுக்க. பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய பெல்லட்டை வெறும் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஃபோமில் குழி வைத்த நூறு பெல்லட் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அறுபது பெல்லட் மேட்சுக்கு, மிச்சம் பழகும் ஷாட்டுக்கு.

நாலாவது, உதிரிப் பாகம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானதும், அதைச் சரிசெய்வதில் நிமிடங்கள் கரைந்ததும், 575 புள்ளியோடு அவர் 12-ஆம் இடத்தில் நின்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லாப் பழுதையும் ஒரு ஜிப் பையால் தீர்த்துவிட முடியாது. ஆனால் எலெக்ட்ரானிக் ட்ரிகருக்கு மாற்று பேட்டரி, தளரும் ஸ்க்ரூக்களுக்கு மாற்று, சிலிண்டர் ஓ-ரிங் இன்னொன்று என்று இவை பின்வரிசையில் நிற்கும் கோச்சின் கையில் இருந்தால் ஓடிவந்து கொடுத்துவிடலாம். பெட்டியின் அடியில் இருந்தால் முடியாது.

காகிதங்களுக்குப் பை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். ஷூட்டர் ஐடி, ஆதார், சங்கக் கடிதம், ரைஃபிள் பில், நுழைவுப் படிவம். அது எப்போதும் பெரியவர் ஒருவரின் கையில்.

பணம் எங்கே போடலாம்

முழுத் தொகையும் கையில் இல்லையென்றால் ஹார்ட் கேஸில் போடுங்கள், முதுகுப் பை எதுவானாலும் ஓடும். வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. கச்சேரி ஸ்பீக்கர்களுக்கும் கீபோர்டுகளுக்கும் பிளைவுட், அலுமினியக் கோணம் வைத்துப் பெட்டி அடித்துக் கொடுப்பவர்களிடம் அளவு சொன்னால் செய்து தருவார்கள். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் உறுதிக்குக் குறைவில்லை. குறைந்தது இரண்டு பூட்டு இருக்கட்டும், கீல் நீளம் முழுக்க ஓடட்டும். உள்ளூர் போட்டிக்கு மட்டும் போகிறவர்கள் பஞ்சு வைத்த துணிப் பையோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்காருபவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேலே ஒரு மழை உறை வேண்டும்.

பிஸ்டலுக்கு வருகிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது, 420க்கு 200க்கு 50 மி.மீ. சோதனைப் பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும். அந்த அளவுக்குச் சாதாரண சூட்கேஸே போதும். அதனுடன் வந்த சின்ன ஹார்ட் கேஸைப் பூட்டி, சூட்கேஸின் நடுவில், நாலு பக்கமும் துணி வைத்து அனுப்பலாம். கவுன்டரில் காட்டச் சுலபமாக மேல் அடுக்கில் இருக்கட்டும். ஜாக்கெட் கிடையாது, விறைத்த பேண்ட் கிடையாது, ஷூ கணுக்காலை மறைக்கக் கூடாது என்பதால் அதுவும் குட்டை. மரப்பிடியை மட்டும் வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றினால் போதும். காற்று ஜிப் பையும் காகித ஃபைலும் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. பதக்கமோ ஏமாற்றமோ, எல்லோரும் களைத்திருப்பார்கள், கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் திணிப்பார்கள். விமானமாக இருந்தால் சிலிண்டரை ரேஞ்சிலேயே காலி செய்துவிடுங்கள். விமான நிலைய வாசலில் அந்தச் சீறல் சத்தம் வேண்டாம். கடைசி நாள் ஜாக்கெட் ஈரமாக இருந்தால் சுருட்டாமல், முதுகுப் பையின் வெளியே தொங்கவிட்டாவது ஸ்டேஷன் வரை காற்றாடக் கொண்டுவாருங்கள். டெல்லிக் குளிரிலிருந்து சென்னைக்கு இறங்கியதும் ரைஃபிள் பெட்டியை அவசரப்பட்டுத் திறக்காமல் ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள், குளிர்ந்த இரும்பில் நம் ஊர் ஈரம் படியாமல் இருக்கும். பிறகு திறந்து, பேரலின் மேல் மெல்லிய எண்ணெய்த் துணியை ஓடவிட்டு, ரைஃபிளை ஃபோமுக்கு வெளியே எடுத்து வையுங்கள். அடாப்டர் அதன் ஜிப் பைக்குள் திரும்பிவிட்டதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ரேஞ்சின் கம்ப்ரஸரிலேயே மாட்டியபடி விட்டு வந்திருந்தால், அன்றே சொன்னால்தான் அங்கே யாராவது எடுத்து வைப்பார்கள்.